கறிக்கடையில் பால் கிடையாது: தாடிக்கொம்பு, வட்டக்கானல், மட்டாஞ்சேரி

பால் குடிக்காத ஒருத்தனுக்குத் தமிழ்நாட்டிலேயே கஷ்டமான இடம் எது என்று கேட்டால், சைவ ஹோட்டல் என்றுதான் சொல்வேன். சிரிக்காதீங்க. கறி, மீன், முட்டை எதுவும் வாசல்படி தாண்டாது, சரி. ஆனால் வெண்பொங்கலில் நெய், ரவா தோசை மேல் நெய், குருமாவில் தயிர், கேசரியில் நெய், இலையில் முதலில் விழும் பருப்பு மேலேயும் நெய். "நெய் ஊத்தியிருக்கா அண்ணே?" என்று கேட்டால், "வாசனைக்குக் கொஞ்சம்தான் சார்" என்று பதில் வரும். அந்தக் "கொஞ்சம்தான்" பற்றித்தான் இந்தப் பதிவே.

இதுக்கு நேர் எதிரான ஒரு இடம் உண்டு. யூத மதச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் கறி ஹோட்டல். ஆட்டுக்கறி, கோழி எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சமையல்கட்டுக்குள் ஒரு சொட்டுப் பால் வரக்கூடாது. ரொட்டி மாவில் பால் கிடையாது, சாப்பிட்டு முடித்ததும் வரும் இனிப்பில் வெண்ணெய் கிடையாது, பால் காப்பி கேட்டால் கிடைக்காது. கறியும் வேண்டாம், பாலும் முட்டையும் தேனும் வேண்டாம் என்றிருக்கும் என் மாதிரி ஆட்களுக்கு (வீகன் என்கிறார்கள், தமிழில் நனிசைவம் என்றும் எழுதுகிறார்கள்) இது ஒரு விசித்திரமான சௌகரியம். கறியைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடலாம். பாலை ஒதுக்கும் வேலையை ஏற்கெனவே வேறு யாரோ, வேறு ஏதோ காரணத்துக்காக, ரெண்டாயிரம் வருஷமாகச் செய்து வைத்திருக்கிறார்கள்.

தாடிக்கொம்புக்காரனுக்கும் யூதர் சாப்பாட்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்க ஊர் திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றுப் பக்கம். சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சிற்பங்களுக்காக வெளியூர்க்காரர்கள் வந்து போவார்கள். யூதர் யாரும் எங்க ஊரில் குடியிருந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதே திண்டுக்கல் மாவட்டத்தில்தான் கொடைக்கானல் இருக்கு. கொடைக்கானலுக்குக் கொஞ்சம் தள்ளி, சரிவில் இறங்கினால் வட்டக்கானல். அதுக்கு "குட்டி இஸ்ரேல்" என்று பட்டப்பெயர். இந்தியாவும் இஸ்ரேலும் 1992-ல் முழுத் தூதரக உறவு வைத்துக்கொண்ட பிறகு, கட்டாய ராணுவ சேவை முடித்த இஸ்ரேல் இளைஞர்கள் முதுகில் மூட்டையோடு இந்தியா வருவது அதிகமானது. கோவா, தரம்சாலா பக்கத்துத் தரம்கோட், கசோல் மாதிரி வட்டக்கானலும் அவர்கள் தங்கும் இடமாகிவிட்டது. ஹீப்ரு எழுத்தில் போர்டு வைத்த கடைகளும் வந்தன. மலையில் பிறந்து வளர்ந்த நம்ம அண்ணன்கள் ஹும்முஸ் அரைக்கவும் ஃபலாஃபெல் பொரிக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

ஹும்முஸ் என்றால் வெந்த கொண்டைக்கடலை, எள் விழுது, எலுமிச்சை, பூண்டு. ஃபலாஃபெல் என்றால் ஊறவைத்த கடலையை அரைத்துப் பொரிப்பது, நம்ம மசால் வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. ரெண்டிலும் பால் இல்லை, நெய் இல்லை. (இவை எகிப்து, பாலஸ்தீனம், லெபனான், சிரியா பக்கத்து அரபு மக்களின் பழைய சாப்பாடு, இஸ்ரேல்காரர்கள் அங்கே கற்றுக்கொண்டது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.) ஷக்‌ஷூகா என்று ஒன்று வரும், தக்காளிக் குழம்பில் முட்டை உடைத்து ஊற்றியது. அது நமக்கு ஆகாது. பசியோடு மலையில் அலையும்போது வயிறு நிறையச் சாப்பிட்டு, "இதுல பால் இருக்கா?" என்று ஒரு தடவைகூடச் சந்தேகப்படாமல் எழுந்த நாள் எனக்கு அங்கே கிடைத்தது. அதுக்கப்புறம்தான் இந்தச் சட்டத்தைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நான் பாலை ஏன் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே சொல்லப்போவது புரியாது. வீட்டில் மாடு இருந்தது. கிடேரிக் கன்று போட்டால் கொண்டாட்டம். காளைக்கன்று என்றால் கொஞ்ச நாளில் கண்ணில் படாது. ஒரு தடவை கன்று செத்துப்போய், அதன் தோலில் வைக்கோல் திணித்துத் தாய் முன்னால் நிறுத்திப் பால் கறந்தார்கள். கிராமத்தில் இது புதுசு இல்லை, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மாடு அந்தத் தோலை நக்கிக்கொண்டே நின்றது. அப்பத்தா, "என்னப்பா பண்றது, கறக்கலன்னா மடி கட்டிக்குமே" என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் எனக்கு அந்தப் பால் இறங்கவில்லை. பல வருஷம் கழித்து மொத்தமாக விட்டேன்.

இப்போது யூத சட்டத்துக்கு வருவோம். அதன் மூலம் ஒரே ஒரு கட்டளை: ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலிலே சமைக்கக்கூடாது. இது தோராவில் மூன்று இடங்களில் வருகிறது, யாத்திராகமத்தில் ரெண்டு தடவை, உபாகமத்தில் ஒரு தடவை. காரணம் சொல்லப்படவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த ஃபைலோ என்ற யூத தத்துவவாதி, குட்டியை வளர்க்க வந்த பாலே அதைக் கொன்று சமைக்கும் குழம்பாவது கொடூரம் என்று விளக்கினார். 12-ஆம் நூற்றாண்டின் மைமோனிடஸ், அது அக்கம்பக்கத்து மதத்தாரின் சடங்காக இருந்திருக்கலாம், அதனால் தடுத்திருக்கலாம் என்றார். எனக்கு ஃபைலோ பக்கம்தான் மனசு சாய்கிறது. காரணம் மேலே சொன்ன வைக்கோல் கன்று.

அந்த ஒரு வரியிலிருந்து ரபிகள் ஒரு கோட்டையே கட்டினார்கள். தாயின் பால் மட்டுமல்ல, எந்தப் பாலும் எந்தக் கறியோடும் சேரக்கூடாது. சேர்த்துச் சமைக்கக்கூடாது, சாப்பிடக்கூடாது, அதனால் லாபமும் அடையக்கூடாது. கோழி? கோழிக்கு ஏது பால் என்று நாம் கேட்போம் இல்லையா, அதே கேள்வியை கலிலேயாக்காரரான ரபி யோசே அந்தக் காலத்திலேயே கேட்டிருக்கிறார். அவர் ஊரில் கோழியைப் பாலோடு சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் மற்ற ரபிகள் ஒத்துக்கொள்ளவில்லை, கோழியும் கறிக் கணக்கில் போய்விட்டது. கறி சாப்பிட்டால் பால் தொட எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதிலும் ஊருக்கு ஊர் வழக்கம். பெரும்பாலானவர்கள் 6 மணி நேரம், ஜெர்மனி யூதர்கள் 3 மணி, ஹாலந்துக்காரர்கள் 1 மணி.

இப்படிப் பிரித்ததில் மூன்று வகை வந்தது: கறி வகை, பால் வகை, ரெண்டிலும் சேராத பொது வகை. இந்தப் பொது வகைக்குப் "பார்வே" என்று பெயர். காய், பழம், தானியம், பருப்பு, எண்ணெய் எல்லாம் இதில் அடக்கம். அடுக்களையில் கறிக்கு ஒரு செட் பாத்திரம், பாலுக்கு ஒரு செட். கலந்துவிட்டால் உலோகப் பாத்திரத்தைக் கொதிக்கும் நீரில் முக்கி மீட்கலாம், மண்சட்டி என்றால் மீட்க முடியாது.

இதைப் படித்ததும் எனக்கு "பத்து" ஞாபகம் வந்தது. அக்ரகாரத்து வீடுகளில் பழகியவர்களுக்குத் தெரியும். சோறு தொட்ட கையோடு தயிர்ச்சட்டியைத் தொடக்கூடாது, கை அலம்பணும். மடி, பத்து, எச்சில் என்று ஒரு பெரிய கணக்கு. தீட்டு வந்தால் மண்பானையைத் தூக்கிப் போடுவதும் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு வித்தியாசம். நம்ம கணக்கில் பாலும் நெய்யும் சுத்தம், எதிலும் சேரலாம், சேர்த்தால் பண்டம் உயர்ந்ததாகும். பழனிப் பஞ்சாமிர்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்க மாவட்டத்துப் பெருமை. மலைவாழைப்பழம், வெல்லம், நெய், தேன், ஏலக்காய். என்னால் அதைத் தொட முடியாது. பெருமாள் கோயில் புளியோதரை நல்லெண்ணெயில் தாளித்தது என்றால் ரெண்டு கை நீட்டுவேன், சர்க்கரைப்பொங்கல் வந்தால் பின்வாங்குவேன். பக்கத்தில் நிற்கும் அத்தை, "ஏம்ப்பா, சாமி பிரசாதத்துல என்ன வந்துச்சு?" என்று முறைப்பார். அவர் பார்வையில் நெய் ஒரு பொருளே இல்லை, அது மரியாதை. அதனால்தான் நம்ம ஊரில் "கொஞ்சம்தான்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் நெய்க்குக் கட்டமே கிடையாது.

யூத சட்டத்தில் அந்தக் "கொஞ்சம்தான்"க்கும் கணக்கு இருக்கு என்பதுதான் வேடிக்கை. கறிக்குழம்பில் தவறிப்போய்ப் பால் சிந்திவிட்டால், குழம்பு அதைப்போல 60 மடங்கு இருந்தால் பால் இல்லாத மாதிரி எண்ணிக்கொள்ளலாம். ஆனால் தவறி விழுந்ததற்குத்தான் இந்தச் சலுகை. 60-ல் ஒரு பங்குதானே என்று வேண்டுமென்றே ஊற்றினால் செல்லாது!

இன்னொன்றும் ரசித்தேன். 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோவ் நகரில் இருந்த ரபி மோசே இஸர்லிஸ், பாதாம்பாலில் கறி சமைப்பதைப் பற்றி எழுதுகிறார். பாதாம்பால் பால் இல்லை, தாராளமாகச் சமைக்கலாம். ஆனால் பார்க்கிறவன் மாட்டுப்பால் என்று நினைத்துத் தானும் அப்படிச் செய்துவிடக்கூடாது, அதனால் பக்கத்தில் ரெண்டு பாதாம்பருப்பைப் போட்டு வை என்கிறார். யோசித்துப் பாருங்கள், பொட்டலத்தின் மேல் லேபிள் ஒட்டும் பழக்கம் வருவதற்கு ரொம்பக் காலம் முன்னால், இலையிலேயே லேபிள் :-)

பாதாம் இடத்தில் தேங்காயை வைத்தால் நாம் மட்டாஞ்சேரிக்கு வந்துவிடுவோம். தாடிக்கொம்பிலிருந்து அது ஒன்றும் தூரதேசம் இல்லை. எங்க பக்கத்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஏறும் காய்கறி லாரிகள் பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகக் கேரளாவுக்குத்தான் போகின்றன. அதே வழியில்தான் நானும் போனேன்.

கேரளக் கரையில் யூதர்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இருந்தவர்கள். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்கு அஞ்சுவண்ணத்தோடு குடை, பகல்விளக்கு, பல்லக்கு முதலான உரிமைகளைக் கொடுத்த செப்பேடு இன்றும் இருக்கிறது. எழுத்து வட்டெழுத்து. அதில் வரும் சொற்கள் பல, பழைய கல்வெட்டு படித்துப் பழகிய தமிழனுக்கு அந்நியமாகத் தெரியாது. பிறகு கொடுங்கல்லூரிலிருந்து கொச்சிக்கு நகர்ந்தார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களும் சேர்ந்தார்கள். மட்டாஞ்சேரியில் பரதேசி சினகாக் 1568-ல் கட்டப்பட்டது, ராஜாவின் அரண்மனைக்கும் அதன் கோயிலுக்கும் ஒட்டினாற்போல. சீனத்து நீலப் பூ ஓடு பதித்த தரை 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. போனால் பாருங்கள், ஒரு ஓட்டின் படம் அடுத்த ஓட்டில் அப்படியே திரும்பி வராது என்பார்கள்.

வெளியூரிலிருந்து வந்த யூதர்கள் இந்தியச் சமையலைப் பார்த்தபோது பிரச்சினை தெளிவாகத் தெரிந்திருக்கும். வடக்கே கறியைத் தயிரில் ஊறவைத்து நெய்யில் வதக்குவார்கள். அது இவர்களுக்கு ஆகாது. (திண்டுக்கல் பிரியாணியும் ஆகாது, மக்களே. ஆட்டை அவர்கள் முறைப்படியே அறுத்திருந்தாலும் தயிரும் நெய்யும் சேர்ந்ததும் கதை முடிந்தது.) ஆனால் கேரளத்தில் குழம்புக்கு உடம்பு கொடுப்பது தேங்காய்ப்பால். பார்க்கப் பால், சட்டப்படி பார்வே. கறியோடும் போகும், மீனோடும் போகும், அப்பத்தோடும் போகும். இப்படிக் கொச்சி யூதர்கள் மலையாளச் சமையலை ஏறக்குறைய முழுசாக எடுத்துக்கொள்ள முடிந்தது. கல்கத்தாவில் குடியேறிய பாக்தாத் யூதர்களும் தயிரை எடுத்துவிட்டு வேறு வழி தேடினார்கள். கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்களுக்கோ "சனிவார் தேலி" என்றே பேர், அதாவது சனிக்கிழமை செக்கு ஓட்டாத செட்டி. தொழிலே எண்ணெய் ஆட்டுவது! எலியா தீர்க்கதரிசியின் பேரில் அவர்கள் வைக்கும் "மலிதா" என்ற படையல், ஊறவைத்த அவலில் வெல்லமோ சர்க்கரையோ தேங்காயோ போட்டுப் பழங்களோடு வைப்பது. நம்ம வீட்டுக் கிருஷ்ண ஜெயந்தி அவல் மாதிரியேதான், ஒரு சொட்டு நெய் இல்லாமல்.

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் இந்தச் சட்டத்துக்குக் கொடி பிடிப்பதுபோலத் தெரியும். ஆனால் மட்டாஞ்சேரி வரலாற்றில் இன்னொரு பக்கம் இருக்கு. பாத்திரத்தைப் பிரிக்கப் பழகிய சமூகம் ஆளையும் பிரித்தது. "வெள்ளை" யூதர்கள் என்று சொல்லிக்கொண்ட பரதேசிகள், பழைய மலபார் யூதர்களைத் தங்களுக்குச் சமமாக நடத்தவில்லை. அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களைப் பரதேசி சினகாக்கில் பெஞ்சில் உட்காரவிடவில்லை. அவர்களில் ஒருவர் ஏ.பி. சேலம் (1882-1967). சென்னைக்கு வந்து பி.ஏ.வும் சட்டமும் படித்துவிட்டுப் போனவர். காந்தி வழியில் அந்த சினகாக்குக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார், கொஞ்சம் கொஞ்சமாகத் தடைகள் உடைந்தன. "யூதக் காந்தி" என்று பெயர் வாங்கினார். இன்று அந்தத் தெருவுக்கு அவர் பெயர்தான். பந்தியில் யார் எங்கே உட்காருவது என்று நூற்றாண்டுகளாகச் சண்டை போட்ட நமக்கு இந்தக் கதை புதுசா என்ன? சாதி அங்கேயும் போய் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இதில்தான் எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. சாப்பாட்டுச் சட்டத்துக்கு ரெண்டு கேள்வி உண்டு. ஒன்று, இதில் என்ன இருக்கு? இன்னொன்று, இதை யார் தொட்டது? முதல் கேள்வியைக் கூச்சமில்லாமல், துல்லியமாக, திரும்பத் திரும்பக் கேட்கலாம். அதில் யாருக்கும் அவமானம் இல்லை. ரெண்டாவது கேள்விதான் மனுஷனைத் தரையில் உட்காரவைக்கிறது. நம்ம ஊரில் சோகம் என்னவென்றால், ரெண்டாவது கேள்வியைக் காலங்காலமாகச் சலிக்காமல் கேட்டோம், முதல் கேள்வியைக் கேட்பவனை "ஓவரா பண்றான்" என்கிறோம். நனிசைவக்காரர்களிலும் சிலர் ரெண்டாவது கேள்விக்குத் தாவுவதைப் பார்க்கிறேன். கறி சாப்பிடுபவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்பது புது மொந்தையில் பழைய கள்.

ரெண்டாவது கேள்வியின் உச்சத்தையும் எங்க மாவட்டம் தொட்டுப் பார்த்தது. 2016 அக்டோபரில் கண்ணூர் பக்கத்துக் கனகமலையில் தேசியப் புலனாய்வு முகமை சிலரைக் கைது செய்தது. அவர்களுடைய இலக்குகளில் வட்டக்கானலுக்கு வரும் யூதர்களும் இருந்தார்கள் என்று வழக்கில் வந்தது. கடலை அரைத்துக் கொடுத்துப் பிழைக்கும் ஒரு மலைச்சரிவில், யார் சாப்பிட வந்தார்கள் என்பதற்காகவே குறி வைத்திருக்கிறார்கள்.

கொச்சி யூதர்களில் ஏறக்குறைய எல்லோரும் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற குடியேற்றத்தில் அவர்களுக்கு ஒரு சினகாக்கும் அருங்காட்சியகமும் உண்டு. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் மிஞ்சியிருந்த சாரா கோஹன் 2019-ல் காலமானார், குயினி ஹலேகுவா 2024-ல். சந்நிதி இருக்கு, பக்தர் இல்லை என்கிற மாதிரி சினகாக் நிற்கிறது. நெகேவிலேயே திமோனா என்ற ஊர் உண்டு. இந்தியாவிலிருந்து போன யூதர்கள் நிறைய இருப்பதால் அதை "குட்டி இந்தியா" என்பார்கள். நம்ம மலையில் குட்டி இஸ்ரேல், அங்கே குட்டி இந்தியா! அதே திமோனாவில் 1969 முதல் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய கறுப்பு எபிரேயர்கள் என்ற சமூகம் முழுக்க நனிசைவம். ஆதாம் ஏவாளுக்குக் கடவுள் முதலில் கொடுத்தது செடியும் பழமும்தான் என்ற ஆதியாகமப் பகுதிதான் அவர்களுக்கு ஆதாரம்.

அந்தப் பக்கம் பயணம் போகிற, இல்லை வட்டக்கானல் வரையாவது போகிற நண்பர்களுக்கு, படித்ததிலிருந்தும் பார்த்ததிலிருந்தும் சில குறிப்புகள்:

1. "பார்வே" என்றால் கறியும் பாலும் இல்லை என்றுதான் அர்த்தம். முட்டை, மீன், தேன் எல்லாம் பார்வேதான். ரொட்டியிலும் கேக்கிலும் முட்டையைத் தனியாகக் கேட்கணும்.

2. கோஷர் கறி ஹோட்டலில் காய்கறிப் பண்டம், ஹும்முஸ், சாலட் இவற்றில் பால் இருக்காது. கோஷர் பால் ஹோட்டலில் கறி இருக்காது, ஆனால் எங்கே பார்த்தாலும் சீஸ் இருக்கும். நமக்கு முதலாவதுதான் வசதி.

3. ஹீப்ரு போர்டு வேறு, கோஷர் வேறு. வட்டக்கானல் கடைகளில் ஒரே வாணலியில் எல்லாம் நடக்கலாம். கேட்டால் நேராகச் சொல்லிவிடுவார்கள்.

4. அமெரிக்க பாக்கெட்டுகளில் ஒரு வட்டத்துக்குள் யு எழுத்து போட்ட முத்திரை இருக்கும், 1920களில் வந்தது. பக்கத்தில் டி எழுத்து இருந்தால் பால் உண்டு. பால் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் முத்திரையை நம்பாமல் பொருள் பட்டியலையும் படியுங்கள்.

5. பாஸ்கா பண்டிகை வாரத்தில் புளித்த மாவு எதுவும் கிடைக்காது. ஐரோப்பிய வழி யூதர்களில் பலர் அரிசி, பருப்பும் தொடமாட்டார்கள். கடலையை நம்பிப் போகிற நாம் பட்டினிதான். பையில் ஏதாவது கொண்டுபோங்கள்.

"வீகன்" என்ற சொல் 1944-ல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் கூட்டத்தாரால் வந்தது. ஆனால் பால் தொடாத சமையல் அதைவிட ரொம்பப் பழசு. அவரவர் வேறு வேறு காரணத்துக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள், நாம் தேடி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். புளியோதரை, எள்ளுருண்டை, கம்பங்கூழில் மோருக்குப் பதில் வெங்காயம் என்று எங்க பக்கத்துப் பட்டியல் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். உங்க ஊரில் வழக்கமாகவே பால், நெய், தயிர் எதுவும் சேராமல் செய்கிற பண்டம் என்னென்ன? ஊர்ப்பெயரோடு பின்னூட்டத்தில் சொல்லுங்கள். "கொஞ்சம்தான்" போடுகிற பண்டம் கணக்கில் வராது, சொல்லிட்டேன்!